பாட்டு வந்தால் உறுமும் பெட்டி

அத்தியாயம் 3

மூன்று மெக்கானிக்குகளும் அந்தப் பெட்டிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

கடையில் வைத்தால் சாது. மேசைமேல் ஏற்றித் தட்டிப் பார்த்தால் ஊமை. வீட்டுக்குத் திரும்பி வந்து, பாடகி வாயைத் திறந்து பாடத் தொடங்கிய சிறிது நேரத்தில் உறுமும்.

"மாப்பிள்ளைக் குணம் அண்ணி. கடைத்தெருவுல பசு, வீட்டுக்குள்ள புலி" என்றான் வாயாடி.

கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்த வீட்டு மாப்பிள்ளை இருமினார்.

அண்ணி வாயாடியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் அஞ்சி வெகுநாள் ஆகிவிட்டது. வாயாடி என்ற பெயரை வைத்ததே அவள்தான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். எந்த அலுவலகமும் தன் பேச்சைத் தாங்காது என்று தெரிந்ததும் அண்ணன் மனைவியிடமே உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். அண்ணி முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யான தீ விபத்துகளை மோந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். அது சலித்துப்போய், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டுத் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டினாள். காணாமல் போன நாயும் வரும், காணாமல் போன கணவனும் வருவான். நாய் கேஸ்தான் நல்லது என்பது வாயாடியின் கட்சி. கண்டுபிடித்தால் நாயாவது சந்தோஷப்படும்.

இப்போது வந்திருப்பது, கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர்.

முன்பு கார் நின்ற அறை அது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. நடுவில் மைக். ஒரு பக்கம் டிரம்ஸ். மறுபக்கம், மூலையோரமாக, கறுப்புத் துணி போர்த்திய அந்தப் பெட்டி. கதவோரம் இரண்டு பெரிய தோல் பைகள் பெல்ட் இறுக்கி நின்றன.

"அது யாரோட மூட்டை?" என்று அண்ணி கேட்டாள்.

"என்னோடது" என்றான் டிரம்ஸ்காரன். பாடகியின் தம்பி. "மிச்சத்தையும் கட்டிட்டா கிளம்பிடுவேன். கொலைகாரன்னு பேர் வாங்கிட்டு ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாது."

"கொலைகாரன்னு யாருடா சொன்னா?" என்றாள் பாடகி.

"உன் வீட்டுக்காரர்தான். அந்த ஆம்பை நான் கொன்னுட்டேனாம்."

கிதார்காரர் அண்ணியிடம் முறையிட்டார். "நீங்களே நியாயம் சொல்லுங்க மேடம். பெட்டி நல்லா இருந்துச்சு. தூசி தட்டறேன்னு மச்சான் பிரிச்சார். உள்ள ஏதோ பழசாயிடுச்சுன்னு ஒண்ணை மாத்தி சால்டர் வச்சார். அந்த வாரத்துலேருந்து உறுமுது. பாட்டு நடக்கும்போது மட்டும் உறுமுது. நான் தனியா வாசிச்சா ஒரு முனகல்கூட இல்ல. இது தானா வந்த கோளாறா? யாரோ திட்டம் போட்டுச் செஞ்ச வேலை."

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றான் டிரம்ஸ்காரன். "அத்தானுக்குப் புது ஆம்ப் மேல ஒரு கண்ணு. அக்கா வேண்டாம்னுட்டா. பழசு தானா சாகலை. அதனால..."

"பார்த்தீங்களா மேடம், பார்த்தீங்களா!"

"போதும்" என்றாள் பாடகி. அண்ணியோடு ஒரே கல்லூரியில் படித்தவள். வங்கி வேலையை விட்டுவிட்டுப் பாட வந்தவள். "நாளைக்கு சாயங்காலம் ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் இங்க வர்றார். இந்த அறையில உட்கார்ந்து கேட்டுட்டு, உண்டா இல்லையான்னு சொல்லிட்டுப் போயிடுவார். அவர் முன்னாடி அது உறுமினா முடிஞ்சுது. அதைவிட, இவன் போயிட்டா நான் எப்படிப் பாடறது? இவன் இருந்தா இவர் வாசிக்க மாட்டாராம். யார் செஞ்சதுன்னு இன்னைக்கே சொல்லிடு. ஒண்ணு தம்பி போவான், இல்ல புருஷன் கோவிச்சுக்குவார். ஏதோ ஒண்ணு தெரிஞ்சாவது போகட்டும்."

"உறுமல் எப்ப நிக்கும்?" என்றாள் அண்ணி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க சண்டை போட ஆரம்பிச்சதும் நின்னுடும்" என்றாள் பாடகி.

"வீட்டுக்கு வீடு இப்படி ஒண்ணு வாங்கி வைக்கலாம்" என்றான் வாயாடி.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து செருமல் கேட்டது. மூவரும் நிமிர்ந்தார்கள். கிதார்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஒரு பெரியவர். தேய்த்த முழுக்கைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் நீளக் குடை. பாடகியின் அப்பா. பெரிய நூலகம் ஒன்றில் தலைமை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டில் அவருக்குப் பெயர் உஷ். பாத்திரம் உருண்டாலும் உஷ், குழந்தை சிரித்தாலும் உஷ் என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். மகள் வேலையை விட்டபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னாராம்: உன் சத்தம் என் காதில் விழக் கூடாது. அன்றிலிருந்து இவர்கள் கருவிகளைத் தொடும் நேரம் அவர் குடையைத் தொடும் நேரம்.

"ஆரம்பிக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமாம்பா."

"நான் வாக்கிங் போயிட்டு வர்றேன்."

"மழை பெய்யுதே ஐயா" என்றான் வாயாடி.

"இதைக் கேக்கறதுக்கு அது தேவலாம்" என்றார் பெரியவர். அண்ணிக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டுப் போனார். குடை விரியும் சத்தம். பிறகு இரும்பு கேட் படாரென்று அடித்துக்கொள்ளும் சத்தம்.

"தினமும் இப்படித்தானா?" என்றாள் அண்ணி.

"தினமும்" என்றார் கிதார்காரர். "என் மாமனார் கேட்டை அடிக்கறதை வச்சுத்தான் நாங்க கடிகாரத்தைத் திருத்திக்கறோம்."

"சரி, நாங்க இல்லேன்னு நினைச்சுக்கிட்டு எப்பவும் போல ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். மழை விட்ட தெருவில் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பற்றிய பாட்டு. டிரம்ஸ்காரன் கோபத்தோடு உட்கார்ந்தான். ஆனால் கை கோபப்படவில்லை. பாடகி கண்ணை மூடிக்கொண்டாள். வாயாடி கேலி செய்யத் தயாராக வந்திருந்தான். முதல் வரியிலேயே அந்த எண்ணம் கைவிட்டுப் போனது.

பல்லவி முடிந்தது. பெட்டி சாதுவாக இருந்தது.

சரணம் தொடங்கியது. பெட்டி உறுமியது.

தகரக் கூரையில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம். கிர்ர்ரென்று, விடாமல், பாட்டுக்கும் தாளத்துக்கும் சம்பந்தமில்லாமல்.

"கேட்டீங்களா!" கிதார்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். "பெட்டியைப் பிரிச்சவர் பதில் சொல்லட்டும்."

"அத்தான், என் வாயைக் கிளறாதீங்க..."

"யாரும் சண்டை போடக்கூடாது" என்றாள் அண்ணி. "நீ பாடறதை மட்டும் நிறுத்தாதே. என்ன ஆனாலும் பாடிக்கிட்டே இரு. தம்பி, நீ வாசி. கொழுந்தனாரே, உங்க படிப்பு எதுக்காவது உதவுதான்னு பார்ப்போம்."

அவள் கொழுந்தனாரே என்று மரியாதையாகக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். வாயாடி பெட்டியின் முன் மண்டியிட்டான். கிதாரிலிருந்து வரும் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவினான்.

உறுமல் நின்றது.

திரும்பச் செருகினான். உறுமியது.

"பெட்டி நிரபராதி" என்றான். "சத்தம் உள்ளேருந்து கிளம்பலை. கிதார் வழியா வருது. இவர் வச்ச சால்டர் தங்கமா இருக்கு."

டிரம்ஸ்காரன் ஒரு தட்டு அதிகமாகத் தட்டினான்.

"அப்ப கிதார்லயும் கை வச்சிருக்கார்!" என்றார் கிதார்காரர்.

"ஒரு நிமிஷம்." வாயாடி ஒயரை மாற்றிப் பார்த்தான். அதே உறுமல். கிதாரின் திருகுகளைத் திருகினான். உறுமல் கூடிக் குறைந்ததே தவிர மாறவில்லை. "கிதாரும் நல்லாதான் இருக்கு. நீங்க கொஞ்சம் அப்படித் திரும்புங்க."

கிதார்காரர் வாசல் பக்கம் திரும்பினார். உறுமல் தணிந்தது. மூலைப் பக்கம் திரும்பினார். உறுமல் எழுந்தது.

"அட" என்றாள் அண்ணி. சுவரில் சாய்ந்திருந்தவள் நேரானாள். "திசைக்குத் திசை மாறுதே?"

"இந்தக் கம்பிகளுக்கு அடியில காந்தச் சுருள் இருக்கு அண்ணி. அதுக்குக் கம்பியோட சத்தம், கரண்டு ஒயரோட சத்தம்னு வித்தியாசம் தெரியாது. பக்கத்துல எது துடிச்சாலும் உள்ள இழுத்துக்கும். எங்க பெரியம்மா மாதிரி. யார் வீட்டுச் சண்டையும் அவங்க காதுக்கு வராமப் போகாது."

"அப்ப உங்க பெரியம்மாவைக் கையில புடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தினா சண்டை நடக்கற இடம் தெரிஞ்சுடுமே?"

வாயாடி துள்ளினான். "நீளமான ஒயர் வேணும். ஸ்கூட்டர்ல இருக்கு."

ஓடினான். திரும்பி வரும்போது தலை நனைந்திருந்தது, முகத்தில் எரிச்சல்.

"என்ன வீடு இது! கேட்டுக்கு உள்தாழ் போட்டு, அதுக்கு மேல கொக்கியும் மாட்டி, திறக்கறதுக்குள்ள நான் முழுசா நனைஞ்சுட்டேன். திருடன் வந்தா பாவம், நிமோனியா வந்து செத்துப்போவான்."

அண்ணி அவனையே பார்த்தாள். "கேட் உள்தாழ் போட்டிருந்துச்சா?"

"அதைத்தானே சொல்றேன்."

"நல்லா நினைவு இருக்கா? உள்பக்கம்?"

"என் விரலைப் பாருங்க, கொக்கி கடிச்சிருக்கு."

அண்ணி சிரித்தாள். நாய் கேஸில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஏன் என்று கேட்க வாயாடிக்கு நேரமில்லை. நீள ஒயரைக் கிதாரில் மாட்டி, கிதாரைக் குழந்தையைப் போல இரு கையிலும் ஏந்திக்கொண்டு அறையைச் சுற்றத் தொடங்கினான். பாடகி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினாள்.

வாசலருகே முனகல். ஜன்னலருகே அதைவிடச் சற்று அதிகம். டிரம்ஸைத் தாண்டும்போது குறைந்தது. "மோந்துக்கோடா ராஜா, மோந்துக்கோ" என்று கிதாருக்கு உற்சாகம் கொடுத்தான். பெட்டி இருந்த மூலைக்கு வந்ததும் உறுமல் ஆளை அடித்தது. அங்கே சுவரோரமாக ஒயர் போகும் ஒரு வெள்ளைக் குழாய் தரையிலிருந்து கூரை வரை ஏறியது. கிதாரைக் குழாயோடு மெல்ல உயர்த்தினான். உறுமல் கூடவே ஏறியது. ஸ்டூல்மேல் ஏறிக் கூரையருகே பிடித்தபோது பெட்டி நடுங்கியது.

"மேல என்ன இருக்கு?" என்றாள் அண்ணி.

டிரம்ஸ் நின்றது. பாட்டும் நின்றது.

"பாடு, பாடு. நிறுத்தாதே."

பாடகி பாடவில்லை. "அம்மா ரூம்" என்றாள். "அம்மா போனதுலேருந்து பூட்டியே கிடக்கு. சாவி அப்பாகிட்ட. யாரும் உள்ள போறதில்ல."

வாயாடி ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"அத்தை..." என்றார் கிதார்காரர்.

"அம்மாவுக்கு அத்தானோட கிதார் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் டிரம்ஸ்காரன் மெதுவாக. "இவ்வளவு புடிக்காதுன்னு தெரியாது."

"ஆவிக்குக் கரண்டு வேண்டாம்" என்றாள் அண்ணி. "மனுஷனுக்குத்தான் வேணும். நீங்க முதல்லேருந்து ஆரம்பிங்க. நல்லா பாடணும். நாங்க மேல போயிட்டு வர்றோம். வேற யாரும் வரக்கூடாது."

பின்பக்கப் படிக்கட்டு குறுகலாக இருந்தது. பாதிப் படியில் வாயாடி அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணி, ஒருவேளை ஆவியா இருந்தா?"

"இருந்தா நீ பேசு. அது ஓடிப்போயிடும்."

மாடியில் ஒரே ஒரு கதவு. அதன் அடியில் பழுத்த இலை நிறத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத அளவு வெளிச்சம். கதவோரம் செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஒரு ஜோடி ஷூ. பளபளப்பு அப்படியே இருந்தது. தெருச் சேறு ஒரு துளி இல்லை.

கீழே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அண்ணி கதவருகே குனிந்தாள்.

"ஐயா, கேட்டை உள்பக்கம் தாழ் போட்டுட்டு வெளிய வாக்கிங் போறது எப்படின்னு எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவு திறந்தது.

பெரியவர் காலுறையோடு நின்றார். "மெதுவாப் பேசுங்கம்மா" என்றார். "ரெண்டாவது சரணம் வருது."

உள்ளே விட்டார். மடக்கிய கட்டில். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். சுவரில் ஒரு விளக்கு, அதற்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் திருகு. பாதிக்கும் கீழே குறைத்து வைத்திருந்தார். தரை வழியாகப் பாட்டு தெளிவாக வந்தது. உறுமலும் வந்தது.

"முப்பது வருஷம் லைப்ரரி கதவைப் பூட்டின கை" என்றார். "தாழ் போடாம வர முடியலை. தப்பு பண்ணும்போதாவது மறந்திருக்கணும்."

"எப்பலேருந்து இந்த வாக்கிங்?" என்றாள் அண்ணி.

"மழை ஆரம்பிச்ச வாரம். முதல் நாள் நிஜமாத்தான் கிளம்பினேன். கொட்டுச்சு. பின்பக்கமா வந்து இங்க ஒதுங்கினேன். அவ பாடிக்கிட்டு இருந்தா."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாளும் மழை."

"மழை பெய்யாத நாள்?"

பெரியவர் கூரையைப் பார்த்தார். "எதுக்கும் ஒதுங்கிக்கறது நல்லதுன்னு..."

வாயாடியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "மாப்பிள்ளை தனியா வாசிக்கும்போது மட்டும் ஏன் ஐயா வர்றதில்ல?"

"அப்ப நிஜமாவே வாக்கிங் போயிடுவேன்" என்றார் பெரியவர்.

"இந்த உறுமல் உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சே. அது மாப்பிள்ளையோட வாசிப்புன்னு நினைச்சேன்."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். தோள் குலுங்கியது. அடங்கியதும் வந்து அந்தத் திருகைக் காட்டினான். "இதுதான் ஐயா உறுமுது. இதைப் பாதியில வச்சா கரண்டை வெட்டி வெட்டி விடும். அந்த வெட்டுதான் ஒயர் வழியா கீழ இறங்கி கிதாருக்குள்ள பூந்துக்குது. முழுசாப் போட்டா சத்தம் வராது. அணைச்சாலும் வராது. கீழ சண்டை ஆரம்பிச்சதும் நீங்க அணைச்சுட்டு இறங்கிடறீங்க, அதான் அப்ப நின்னுடுது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு குறைச்சு வச்சீங்க பாருங்க, அதுதான் காட்டிக் கொடுத்துடுச்சு. ஜோரா எரிய விட்டுட்டு உட்கார்ந்திருந்தா எங்களால புடிச்சிருக்கவே முடியாது."

"முழுசாப் போட்டா ஜன்னல்ல தெரியும்."

"அப்ப அணைச்சுட்டு உட்காருங்க. பாட்டு கேட்க வெளிச்சம் எதுக்கு?"

"அணைக்க முடியாது" என்றார். "கடைசி மாசங்கள்ல இவ அம்மாவுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். அதுக்குத்தான் இந்தத் திருகு. ஆனா இருட்டு ஆகாது."

எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"இவங்ககிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்றார் பெரியவர். "காதுல விழக் கூடாதுன்னு சொன்னவன் நான். இத்தனை நாளைக்கு அப்புறம் போய், விழட்டும்னு எப்படிச் சொல்றது? இனிமே வரலை. விளக்கு எரியாது. பெட்டியும் உறுமாது. கேஸ் முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க."

"முடியலையே ஐயா" என்றாள் அண்ணி. "கீழ கதவோரம் ரெண்டு பை கட்டி வச்சிருக்கே, பார்க்கலையா?"

"எந்தப் பை?"

"உங்க பையனோடது. பெட்டியை அவன்தான் கெடுத்தான்னு உங்க மாப்பிள்ளை சொல்றார். அவன் பிரிச்ச வாரமும் மழை ஆரம்பிச்ச வாரமும் ஒண்ணு. இன்னைக்கு அவன் கிளம்பறான். நாளைக்கு உறுமல் நின்னா, பார்த்தியா, அவன் போனதும் சரியாயிடுச்சுன்னு ஆகும். ஆயுசுக்கும் அந்தப் பேர் நிலைச்சுடும்."

பெரியவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கீழே பாட்டு முடிந்தது. யாரோ ஏதோ சொல்ல, இன்னொருவர் குரலை உயர்த்த, வழக்கமான சண்டை மெல்லத் தொடங்கியது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அண்ணி. "என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்."

இருவரும் இறங்கினார்கள். படியில் வாயாடி கிசுகிசுத்தான்: "வரலேன்னா?"

"வருவார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"தாழ் போடாம ஒரு கதவை விட முடியாத ஆளு. பையன் வெளியே போறதை விட்டுடுவாரா?"

கீழே டிரம்ஸ்காரன் மூன்றாவது பைக்கு பெல்ட் இறுக்கிக்கொண்டிருந்தான். கிதார்காரர் கிதாரின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். பாடகி மைக் கம்பியைப் பிடித்தபடி அண்ணியிடம் திரும்பினாள்.

"யாரு?"

"தம்பி இல்ல" என்றாள் அண்ணி. "உன் வீட்டுக்காரரும் இல்ல. மேல ஒரு விளக்கு குறைச்சலா எரியுது. அதான் உறுமல்."

"பூட்டின ரூம்ல விளக்கா? யாரு போட்டது?"

அண்ணி நகத்தைப் பார்த்துக்கொண்டாள். வாயாடிக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

அந்த நேரம் வாசலில் செருமல் கேட்டது.

பெரியவர் நின்றார். ஷூ மாட்டியிருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைசி நேரத்தில் மனம் மாறி, இதற்குள் உலர்ந்துவிட்ட குடையை மட்டும் மறுபடி மழையில் நீட்டி நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது வாயாடிக்குப் புரிந்தது. குடை நனைந்திருந்தது. ஷூவில் சேறு இல்லை.

"இன்னும் முடியலையா இந்தச் சத்தம்?" என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை. கண் பைகளைப் பார்த்தது. மகனைப் பார்த்தது.

பாடகி அப்பாவைப் பார்த்தாள். சொட்டும் குடையைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். வங்கியில் கள்ள நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா" என்றாள் சாதாரணமாக. "ரெண்டாவது சரணத்துல எனக்குத் தாளம் தப்புதுன்னு இவர் சொல்றார். அப்படியா?"

"தாளமெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ மூச்சைத்தான் முன்னாலேயே விட்டுடறே. செருப்புன்னு வர்ற இடத்துல இழுத்துப் புடிச்சா..."

நிறுத்தினார்.

கிதார்காரரின் வாய் திறந்தது. டிரம்ஸ்காரன் பெல்ட்டைக் கையிலிருந்து விட்டான்.

"நான்தான்" என்றார் பெரியவர் மகனிடம். "விளக்கு போட்டவன் நான்தான். அந்தப் பையைப் பிரி."

முதலில் சிரித்தது டிரம்ஸ்காரன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டான். "தினமும் கேட்டை அடிச்சீங்களேப்பா! அந்த அடி அடிச்சீங்களே!"

"உள்ளேருந்து அடிச்சா சத்தம் ஜாஸ்தி" என்றார் பெரியவர்.

பாடகி சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து மைக்குக்கு எதிரே போட்டாள். புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். பெரியவர் சிறிது நேரம் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

கிதார்காரர் மைத்துனனிடம் போனார். "மச்சான்..." என்றார்.

"மன்னிப்பு கேட்கப் போறீங்களா?"

"கேட்கலாம்னுதான்..."

"கேட்டுடாதீங்க அத்தான். அப்புறம் நானும் புது ஆம்ப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கணும். அது உண்மை."

கிதார்காரர் மூன்றாவது பையின் பெல்ட்டைத் தானே அவிழ்த்தார். அதற்குப் பிறகு கிதாரை மாட்டிக்கொண்டார். ஆரம்பிக்கலாம் என்று பாடகி தலையசைத்தாள். டிரம்ஸ்காரன் எண்ணினான். கிதார்காரர் சத்தத்தைக் கூட்டினார். முதல் கம்பி அதிர்ந்தது.

பெட்டி உறுமியது.

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பெரியவர் நாற்காலியில்தான் இருந்தார்.

"நான் இங்கதானே இருக்கேன்!" என்றார் பயந்துபோய். பிறகு, "விளக்கை அணைக்கலை" என்றார். எழுந்திருக்கப் போனார். பாதியில் தயங்கினார். பாட்டு நடக்கும்போது அந்த அறையை இருட்டாக்க அவருக்கு மனமில்லை என்பது அண்ணிக்கும் வாயாடிக்கும் மட்டும் தெரியும்.

அண்ணி கிதார்காரர் அருகே போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். இரண்டே வாக்கியம். அவர் கிதாரைக் கழற்றிப் பெட்டிமேல் சாய்த்தார்.

"நீங்க உட்காருங்க மாமா" என்றார். "சாவியைக் கொடுங்க, நான் போயிட்டு வர்றேன்."

படியேறும் சத்தம் கேட்டது. மேலே கதவு திறக்கும் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை, பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அந்த உறுமல் மெலிந்தது. நூலாகியது. அறுந்தது.

வாசலுக்கு வெளியே வெளிச்சம் விழுந்தது. மேல்மாடி ஜன்னல் முழுக்க எரிந்தது. கேட், ஸ்கூட்டர், மழைக் கம்பி ஒவ்வொன்றும் தெரிந்தது. பெரியவர் திரும்பி அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"அணைக்கலையா?" என்றார்.

"முழுசாப் போட்டேன் மாமா" என்றபடி கிதார்காரர் இறங்கி வந்தார். "இனிமே ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

பாட்டு மறுபடி தொடங்கியது. பல்லவி போனது. முதல் சரணம் போனது. பெட்டியில் பூச்சி ஊர்ந்த சத்தம்கூட இல்லை. இரண்டாவது சரணத்தில், செருப்பு வரும் இடத்தில், பாடகி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

வாயாடிக்கு மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த பேச்சு அதற்குமேல் நிற்கவில்லை. "அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த கேஸ்ல குற்றவாளி, சாட்சி, நீதிபதி எல்லாம் ஒரே ஆளு. அதுவும்..."

பெரியவர் நாற்காலியிலிருந்து திரும்பினார். விரலை உதட்டின்மேல் வைத்தார்.

"உஷ்" என்றார். "பாடறா."